பொம்மக்கா திம்மக்கா யார் பெற்ற பெண்கள்?

இப்பொழுது வாலிபர்கள் விரும்பிப் படிக்கின்ற மாயக் கற்பனை நாவல்களில் ஒரு மாதிரிக் கதை அடிக்கடி தலைகாட்டுகின்றது. அதாவது, உலகம் கெட்டுக் கிடக்கும். கொடுங்கோலன் ஒருவன் ஆளுவான். மக்கள் பிறப்பினால் தட்டுத் தட்டாகப் பிரிக்கப்பட்டு, கீழ்த்தட்டில் இருப்பவன் மேல்தட்டுக்காரனை நிமிர்ந்து பார்க்கவும் கூடாதென்று சட்டம் இருக்கும். அந்தக் கீழ்த்தட்டில் அக்காள் தங்கை இருவர் அடிபட்டு, பசியால் வாடி வளருவார்கள். படிக்கின்றவனுக்கு இரத்தம் கொதிக்கும். இந்தப் பெண்கள் இந்த அக்கிரம ஏற்பாட்டைத் தலைகீழாகக் கவிழ்க்கப் போகிறார்கள் என்று ஆவலோடு பக்கத்தைத் திருப்பினால், கதையின் நடுவில் ஒரு கிழவி வந்து இரகசியம் சொல்லுவாள். "நீங்கள் கூலிக்காரன் பெற்ற மக்கள் அல்ல, பழைய மந்திர வம்சத்து வாரிசுகள், எதிரிகளுக்குப் பயந்து உங்களை இங்கே ஒளித்து வைத்தோம்" என்பாள். அவ்வளவுதான், அதற்குமேல் அந்தப் பெண்களுக்கு எல்லாச் சக்தியும் வந்துவிடும்.

நமக்கு அங்கேதான் சந்தேகம் உண்டாகின்றது. அந்தப் பெண்கள் கூலிக்காரன் மக்களாகவே இருந்து அந்தக் கொடுங்கோலை ஒழித்திருப்பார்களேயானால், பிறப்பில் ஒன்றுமில்லை என்று கதை சொன்னதாக ஆகும். மந்திர வம்சம் என்று சொன்ன உடனே, பிறப்பில்தான் எல்லாம் இருக்கின்றது, இந்த இருவரை மட்டும் தவறான தட்டில் வைத்துவிட்டதுதான் பிசகு என்று சொன்னதாக ஆகிவிடுகின்றது. அப்படியானால் அதே கீழ்த்தட்டில் கிடக்கும் மற்ற ஆயிரக்கணக்கான பெண்களின் கதி என்ன? அவர்களுக்கு ஒளித்து வைத்த வம்சம் எதுவும் இல்லையே! அவர்கள் அடிபடுவது நியாயந்தானா? இந்தக் கேள்வியைக் கதை கேட்பதுமில்லை. நம்மைக் கேட்க விடுவதுமில்லை.

இது இன்று நேற்று உண்டான சரக்கல்ல. 1909-ல் வியன்னா நகரத்தில் ஓட்டோ ராங்க் என்பவர் வீரர்களின் பிறப்புக் கதைகளை மட்டும் தேடிச் சேர்த்து ஒரு புத்தகம் வெளியிட்டார். சார்கோன் அரசன், கிரேக்க தேசத்து ஈடிபஸ், ரோமாபுரியை உண்டாக்கியதாகச் சொல்லப்படும் ரோமுலஸ், நம் பாரதத்துக் கர்ணன் முதலியவர்களை ஒரே வரிசையில் நிறுத்தினார். பெரிய இடத்தில் குழந்தை பிறப்பதும், பிறந்தவுடன் ஆற்றிலாவது காட்டிலாவது விடப்படுவதும், எளியவர்கள் எடுத்து வளர்ப்பதும், கடைசியில் உண்மைப் பிறப்பு வெளியாவதும் இவற்றில் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கின்றன. கர்ணனையே பாருங்கள். தேரோட்டி மகனென்று சபையில் இகழப்பட்டவன் வில்லில் யாருக்கும் இளைத்தவனல்லன். அதைக் கொண்டு, தேரோட்டி மகனும் வில்லாளி ஆகலாம் என்று பாரதக்காரன் சொல்லியிருக்கலாம். சொன்னானா? இல்லை. இவன் சூரியனுக்குப் பிறந்தவன் என்று சொல்லிவிட்டான். தேரோட்டிகள் பாடு பழையபடியே நின்றுவிட்டது.

நிற்க, இந்தக் கதைக்காக நாம் கிரேக்க தேசத்திற்கும் ரோமாபுரிக்கும் போக வேண்டிய அவசியமில்லை. பேட்டையிலிருந்து மேற்கே போகும் பஸ்ஸில் ஏறினால் சேரன்மாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் தாண்டிப் பாபநாசம். அதற்குமேல் மலைப்பாதையில் சென்றால் காரையாற்றுப் பக்கம் சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்கு இந்தத் தாமிரபரணிச் சீமையே சட்டி பானையோடு அங்கே போய்க் குடியேறுகின்றது. பேட்டையிலும் டவுணிலும் மேலப்பாளையத்துப் பக்கங்களிலும் அங்கே போகாத வீடு குறைவு. அங்கே பட்டவராயன் என்ற சாமிக்கு இரண்டு பக்கமும் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்காள் தங்கையர் நிற்கின்றார்கள். அந்தச் சாமிக்கு நேர்த்திக்கடன் தோல் செருப்பு. இந்த அக்காள் தங்கையருக்குத்தான் ஒரு இரகசியப் பிறப்பைக் கொண்டுவந்து ஒட்டி வைத்திருக்கின்றார்கள்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுவோம். பாட்டுக்குப் பாட்டு, பாடுகிறவருக்குப் பாடுகிறவர் சிறு வித்தியாசங்கள் உண்டு, நடுக்கதை ஒன்றுதான். முத்துப்பட்டன் என்பவன் பார்ப்பன குலத்தில் ஏழு சகோதரர்களில் கடைசியாகப் பிறந்தவன். வீட்டோடு பிணங்கி மலையாளத்துக் கொட்டாரக்கரை அரசனிடம் சேவகம் பார்த்தவன். அண்ணன்மார் போய் அவனை அழைத்து வருகின்றார்கள். வழியில், இந்தப் பொதிகை மலை அடிவாரத்தில், ஆற்றுத்துறையில் அவன் தங்கியிருக்கும்போது இரண்டு பெண்கள் பாடிக்கொண்டு போவது காதில் விழுகின்றது. காட்டில் மாடு காக்கும் தகப்பனுக்குச் சோறு கொண்டுபோகும் பெண்கள் அவர்கள். தகப்பன் பெயர் வாலப்பகடை. தோல் வேலை செய்யும் அருந்ததியர் வகுப்பினர். பட்டன் அப்பெண்கள் மேல் ஆசைகொண்டு, தகப்பனிடமே போய்ப் பெண் கேட்கின்றான்.

இந்த இடந்தான் கதைக்கு உயிர். பார்ப்பன மாப்பிள்ளை தானே வந்து கேட்டானே என்று வாலப்பகடை தலைகால் தெரியாமல் குதித்தானா? இல்லை. "நீ எங்களைப்போல் ஆகிவிட்டு வா" என்றான். குடுமியை அறுக்க வேண்டும், பூணூலைக் கழற்றி எறிய வேண்டும், தோலை எடுத்துச் செருப்புத் தைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டான். அண்ணன்மார் தடுத்தார்கள். பட்டன் கேட்கவில்லை. குடுமியை அறுத்தான்; நூலை எறிந்தான்; செருப்புத் தைத்தான்; பெண்களைக் கட்டினான். கலியாணமான சூட்டோடு, மாடு கவரும் கூட்டம் ஒன்று வாலப்பகடை காத்த மாடுகளை ஓட்டிக்கொண்டு போக, மாமனார் வீட்டுக் காவலைத் தன் காவலாக எண்ணி ஓடிச் சண்டை செய்து, மறைந்திருந்தவன் ஒருவன் குத்த மாண்டுபோனான். பெண்கள் இருவரும் அவன் சிதையில் விழுந்து செத்தார்கள் என்று பாட்டு முடிகின்றது.

இந்தக் கதையில் நமக்குச் சம்மதமில்லாத காரியங்களும் இருக்கின்றன. ஒரு ஆண் இரு பெண்களைக் கட்டுவது ஒன்று. புருஷன் செத்தால் பெண்சாதி நெருப்பில் விழுவதைப் பெருமையாகப் பாடுவது மற்றொன்று. கலியாணத்துக்குத் தகப்பன் சம்மதத்தைக் கேட்டான், பெண்களைக் கேட்டானா என்பதையும் யோசிக்க வேண்டும். ஆனாலும் இந்த நாட்டில் பாடப்படும் கதைகளில், உயர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டவன் தன் உயர்வைக் கழற்றி எறிந்துவிட்டுத் தோலைக் கையில் எடுத்ததாகச் சொல்லும் கதை எத்தனை இருக்கின்றது? கீழே இருப்பவனை மேலே தூக்கிவிட்டதாகச் சொல்லும் கதை ஆயிரம் உண்டு. மேலே இருப்பவன் இறங்கி வந்து, செருப்புத் தைப்பது கேவலமில்லை என்று தைத்துக் காட்டிய கதை இது. தோல் செருப்போடு வாசற்படி மிதித்தால் தீட்டு என்கிற இந்நாட்டில், தோல் செருப்பே காணிக்கையாக வைக்கப்படும் சந்நிதி ஒன்று இருக்கின்றதென்றால் அதற்குக் காரணம் இந்தக் கதைதான்.

இனி ஒட்டு வேலையைப் பார்ப்போம். இந்தக் கதையை வில்லில் பாடுகிறவர்களில் சிலரும், அச்சுப் போட்டவர்களில் சிலரும், பொம்மக்காளும் திம்மக்காளும் உண்மையில் வாலப்பகடை பெற்ற பெண்கள் அல்லர் என்கின்றார்கள். அவர்கள் பார்ப்பன குலத்தில் பிறந்தவர்களாம். விதிவசத்தால் காட்டில் விடப்பட்டார்களாம். வாலப்பகடை கண்டெடுத்து வளர்த்தானாம். நெல்லைச் சீமை நாட்டுப் பாடல்களைத் தேடித் திரட்டிய பேராசிரியர் நா. வானமாமலை அவர்கள், 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் மூலம் முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தார். கதையின் பல வடிவங்களை ஆராய்ந்த அவர், இந்தப் பிறப்புச் சங்கதி பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்ற முடிவுக்கே வந்தார். ஏடுகளைப் புரட்டத் தெரியாதவனும், சாதாரணப் புத்தியைக் கொண்டு யோசித்தால் இதைத் தெரிந்துகொள்ளலாம். பெண்கள் பார்ப்பனப் பெண்கள் என்றால், குடுமியை அறுக்கச் சொன்னது எதற்கு? நூலை எறியச் சொன்னது எதற்கு? செருப்புத் தைக்கச் சொன்னது எதற்கு? சட்டையில் வேறு துணி ஒட்டுப் போட்டால் தையல் தெரியத்தானே செய்யும்!

இந்த ஒட்டினால் யார் யாருக்கு என்ன நஷ்டம் என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

முதலாவது நஷ்டம் பட்டனுக்கு. அவன் செய்த தியாகம் போயிற்று. தனக்குத் தெரியாமலேயே தன் ஜாதிப் பெண்களைக் கட்டிக்கொண்டவன் ஆகிவிட்டான். ஜாதி ஆசாரம் நூலிழையளவும் பிசகவில்லை. அவன் தைத்த செருப்பெல்லாம் வீண் கூலி.

இரண்டாவது, வாலப்பகடைக்கு. அவன் தகப்பன் என்கிற உரிமையே போயிற்று. பார்ப்பன மாப்பிள்ளையை நிறுத்தி வைத்து, என்னைப்போல் ஆகு என்று நிபந்தனை போட்ட மனிதன், யாரோ போட்டுவிட்டுப் போன பொருளுக்குக் காவல் இருந்த காவற்காரனாக ஆகிவிட்டான். அவன் மனைவி பத்து மாதம் சுமந்ததும் பொய்யாயிற்று.

மூன்றாவது, அந்தப் பெண்களுக்கு. அவர்கள் பாட்டைக் கேட்டுத்தான் ஒருவன் மயங்கி நின்றான். அந்தக் குரலும் அழகும் தோல் தைப்பவன் குடிசையில் பிறக்க முடியாது என்று தீர்ப்புச் சொல்லியாயிற்று. பார்ப்பனப் பிறப்பாக இருக்கக் கொண்டுதான் அப்படிப் பாடினார்கள் என்று ஆகிவிட்டது. பெற்றவள், பெற்றவன், பிறந்த இடம், குரல் ஆகிய நான்கையும் ஒரே அடியில் பிடுங்கிக்கொண்டு அதற்குப் பதிலாக ஒரு குலப்பெயரைக் கொடுத்தார்கள். இதற்குப் பெயர் பெருமைப்படுத்துவதா?

நான்காவது நஷ்டம் கேட்கின்றவர்களுக்கு. கொடை விழாவில் விடிய விடிய உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் அருந்ததியச் சிறுமி ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். சந்நிதியில் நிற்கும் தெய்வங்கள் தன் வீட்டுப் பெண்கள் என்று அவள் நிமிர்ந்து உட்காரும்போது, "இல்லை, இல்லை, அவர்கள் வேறு இரத்தம்" என்று பாட்டுக்காரர் சொல்லுகின்றார். அவளுக்கு மிஞ்சுவது என்ன? சாமியாக ஆவதற்குக்கூட நம் வீட்டில் பிறக்கக் கூடாது என்ற பாடந்தான் மிஞ்சுகின்றது.

இந்த வித்தை இந்த ஒரு கதையோடு நின்றதா என்றால் இல்லை. மதுரைவீரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் வேலை செய்யும் தம்பதிகள் வீட்டில் வளர்ந்து, நாயக்கப் பாளையக்காரன் மகளைக் கொண்டுபோன வீரன் அவன். அவனும் பெற்ற பிள்ளையல்லவாம். காசி அரசன் மகனாம். மாலை சுற்றிப் பிறந்தபடியால் அபசகுனம் என்று காட்டில் விட்டார்களாம். 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்து ஊர் ஊராக ஓடிய சினிமாப் படத்திலும் அவன் அரண்மனைப் பிள்ளையாகத்தான் பிறக்கின்றான். நந்தனைப் பாருங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில், நந்தன் நெருப்பில் மூழ்கிப் பூணூலோடு முனிவனாக எழுந்துதான் தில்லைக்குள் போக முடிந்தது. வீரனுக்கும் பொம்மக்காளுக்கும் பிறப்பிலேயே மாற்றம் செய்தார்கள். நந்தனுக்குப் பிறந்த பிறகு மாற்றம் செய்தார்கள். ஆகமொத்தம், கீழே வைக்கப்பட்டவன் கீழே வைக்கப்பட்டவனாகவே பெரியவன் ஆகிவிடக் கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் ஜாக்கிரதையாக இருந்திருக்கின்றார்கள்.

திருவள்ளுவருக்கும் இதே மரியாதை நடந்திருக்கின்றது. குறளை எழுதியவரின் அறிவுக்குக் காரணம் சொல்ல வேண்டுமே என்று, பகவன் என்ற பார்ப்பனத் தகப்பனையும் ஆதி என்ற புலைச்சியாகிய தாயையும் கற்பித்தார்கள். தகப்பன் வழியாக அறிவு வந்ததென்று கணக்குச் சரியாகிவிட்டது. 1907-ல் சென்னையில் தமிழன் பத்திரிகையைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் இந்தப் பிறப்புக் கதையைப் பலமாக எதிர்த்து எழுதினார் என்பதை இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

ஆனால் இதே ஆதி பகவன் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கின்றது. நியாயமாகப் பேசுகின்றவர்கள் அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தம்பதிகளுக்கு ஏழு குழந்தைகளாம். ஒளவை, உப்பை, உறுவை, வள்ளி என்று நான்கு பெண்கள். அதிகமான், கபிலர், வள்ளுவர் என்று மூன்று ஆண்கள். பிறந்த பிறந்த இடத்தில் குழந்தையைப் போட்டுவிட்டுப் பெற்றோர் நடந்துவிட, வண்ணார் வீட்டில் ஒரு பெண்ணும், கள் இறக்குவோர் வீட்டில் ஒரு பெண்ணும், பாணர் வீட்டில் ஒரு பெண்ணும், குறவர் வீட்டில் ஒரு பெண்ணும் வளர்ந்தார்களாம். ஆண்களில் ஒருவன் அரசன் வீட்டிலும் ஒருவன் பார்ப்பான் வீட்டிலும் வளர்ந்தார்களாம். கபிலர் பேரால் வழங்கும் அகவல் ஒன்று இந்தக் கதையை எடுத்துக்கொண்டு ஜாதியின் தலையிலேயே அடிக்கின்றது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஏழு வீட்டில் வளர்ந்து ஏழு விதமானார்கள் என்றால், வித்தியாசம் வயிற்றிலா இருக்கின்றது, வீட்டிலா இருக்கின்றது என்று கேட்காமல் கேட்கின்றது. இங்கேயும் அக்காள் தங்கையர்தான்; இங்கேயும் இரகசியப் பிறப்புத்தான்; இங்கேயும் பிறந்த குழந்தை பாட்டுப் பாடிப் பேசிற்று என்ற மாயமந்திரம் எல்லாம் உண்டு. இருந்தாலும் முடிவு வேறாக இருக்கின்றது.

ஆகவே நாம் இரகசியப் பிறப்பு வருகின்ற கதையெல்லாம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. அது இரண்டு பக்கமும் கூர் உள்ள கத்தி. கதையைக் கையில் எடுத்தவன் அதைக் கொண்டு எதை அறுக்கின்றான் என்று பார்க்க வேண்டும். எல்லோரும் ஒரே வயிறு என்று காட்டுவதற்குப் பிறப்பை மறைத்தால் அது ஜாதியை அறுக்கின்றது. இவர்கள் மட்டும் வேறு இரத்தம் என்று காட்டுவதற்குப் பிறப்பை மறைத்தால் அது மக்களை அறுக்கின்றது. வாலிபர்கள் படிக்கும் புது நாவலானாலும், பாட்டி சொன்ன பழங்கதையானாலும், இந்த ஒரு உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் போதும்.

இந்த வித்தையைச் செய்தவர்கள் பார்ப்பனர்கள் மட்டுந்தான் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. நம்முடைய வகுப்பார்கள் ஒவ்வொருவரும் தங்களுக்கென்று ஒரு பிறப்புப் புராணம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் யாகத் தீயில் பிறந்தோம் என்கின்றார். ஒருவர் ஏழு தெய்வக் கன்னியர் வயிற்றில் பிறந்தோம் என்கின்றார். ஒருவர் சந்திரன் வழி என்கின்றார். ஒருவர் ஒளிந்து வந்த ராஜகுலம் என்கின்றார். 1901-ம் வருஷத்து ஜனக்கணிதத்தில் ஜாதிகளை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தச் சர்க்கார் புறப்பட்டபோது, எங்களை க்ஷத்திரியர் என்று எழுதுங்கள், எங்களை வைசியர் என்று எழுதுங்கள் என்று தேசமெங்கும் மனுக்கள் குவிந்தன. வரிசையே வேண்டாம் என்று மனுப் போட்டவர்கள் எத்தனை பேர்? எல்லோருக்கும் ஏணியில் ஒரு படி ஏற ஆசை. ஏணியை உடைக்கத்தான் ஆள் இல்லை. பொம்மக்காளுக்குப் பார்ப்பனப் பிறப்பு ஒட்டியவனும், தன் ஜாதிக்கு ராஜ பிறப்பு ஒட்டியவனும் ஒரே கடையில் பசை வாங்கியவர்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1901-ல்தான் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் என்ற வைத்தியர் மனித இரத்தத்தில் உள்ள பிரிவுகளைக் கண்டுபிடித்து வெளியிட்டார். இன்று பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்ற வேண்டுமானால், பையின் மேல் எழுதியிருப்பது ஏ, பி, ஓ என்ற எழுத்துக்கள்தான். அருந்ததியர் இரத்தம், பிள்ளை இரத்தம், ஐயர் இரத்தம் என்று எந்தப் பையிலும் எழுதியிருக்கவில்லை. உயிர் போகும் நேரத்தில் எவனும் அதைக் கேட்பதுமில்லை. சாகக் கிடக்கும்போது இல்லாத இரத்த பேதம், கலியாணம் செய்யும்போது மட்டும் எங்கிருந்து வருகின்றது?

கதைதானே, இதற்கு இவ்வளவு ஆத்திரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கதை கோயிலில் மட்டும் இருந்தால் நாமும் சும்மா இருந்துவிடுவோம். அது சோற்றுப் பந்திக்கும் வருகின்றது, தெருவுக்கும் வருகின்றது. அந்தச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் வழியிலேதான் சேரன்மாதேவி இருக்கின்றது. தேசியக் கல்வி கொடுப்பதென்று வ.வே.சு. ஐயர் அவர்கள் நடத்திய குருகுலத்தில், காங்கிரஸ் கொடுத்த 5,000 ரூபாயும் பொதுஜனங்கள் கொடுத்த பணமும் இருந்துங்கூட, பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டார்கள். பிறப்பினால் பேதம் பாராட்டக் கூடாதென்று வரதராஜுலு நாயுடு அவர்களும் பெரியார் அவர்களும் கிளம்பியதும், 1925-ல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதும் வாசகர்கள் அறிந்த சரித்திரம். அந்தப் பந்தியில் உட்கார்ந்த சிறுவர்களுக்கு எந்த வேதமும் தெரியாது. எந்தச் சாஸ்திரமும் தெரியாது. இரத்தம் வேறு என்ற கதை ஒன்று மட்டும் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

பந்தியில் இருந்த பேதம் இப்பொழுது பெரும்பாலும் வெளியில் தெரிவதில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு எல்லோருக்கும் ஒன்றாகப் போடப்படுகின்றது. ஆனால் கலியாணப் பந்தலில் என்ன நடக்கின்றது? 2011-12-ல் இந்தியா முழுவதும் எடுக்கப்பட்ட மனித வளர்ச்சி ஆய்வில், ஜாதி மாறி நடந்த கலியாணம் நூற்றுக்குச் சுமார் ஐந்துதான் என்று கண்டார்கள். மாறி நடந்தால் என்ன ஆகின்றது? 2016 மார்ச் 13-ந் தேதி உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தின் பக்கத்தில், ஜாதி மாறிக் கலியாணம் செய்த ஒரு கல்லூரி மாணவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதைப் படத்தோடு பார்த்தோம். 2025 ஜூலை 27-ந் தேதி நம்முடைய பாளையங்கோட்டையிலேயே, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துவந்த தாழ்த்தப்பட்ட வகுப்பு வாலிபர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். வேறு ஜாதிப் பெண்ணோடு கொண்ட நேசமே காரணம் என்று வழக்குத் தொடரப்பட்டது.

அந்த வாலிபர்களுக்கு என்ன குறை? படிப்பு இருந்தது, உழைப்பு இருந்தது, அவர்களை நேசித்த பெண்ணுக்கு அவர்கள் பேரில் நம்பிக்கை இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். காட்டில் கண்டெடுத்த ராஜகுமாரன் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு கதை இல்லை. பெற்ற தாய்க்கும் பெற்ற தகப்பனுக்கும் பிறந்தவர்களாக மட்டும் இருந்தார்கள். இரகசியப் பிறப்பு இருந்தால்தான் சம்பந்தம் செய்யலாம் என்று முன்னூறு வருஷமாகப் பாட்டிலும் கூத்திலும் சினிமாவிலும் கேட்டுக்கேட்டு ஊறிப்போன ஒரு ஊரில், இரகசியம் எதுவுமில்லாத ஒரு மனிதனுக்கு என்ன பாதுகாப்பு?

பாடுகிறவர்களைக் குறை சொல்லலாமா, பண்ணையாருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் பயந்து பாடினார்கள், ஒட்டுப் போட்டதனாலேதான் கதை இதுவரையிலாவது பிழைத்து வந்தது என்று ஒரு சமாதானம் சொல்லப்படலாம். அதில் உண்மை இருக்கக்கூடும். கொடை நடத்துகிறவன் கூலி கொடுக்கிறவன். கூலி வாங்கிப் பாடுகிறவன் அவன் முகத்தைப் பார்த்துத்தான் பாட வேண்டியிருந்திருக்கும். அந்தப் பாட்டுக்காரர்பேரில் நமக்குக் கோபமில்லை. பயந்து போட்ட ஒட்டு என்றால், பயம் போன பிறகு ஒட்டை எடுத்துவிட வேண்டியதுதானே? ஜமீன்களை ஒழிக்க 1948-லேயே சட்டம் செய்தாயிற்று. தீண்டாமையை 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டம் ஒழித்தாயிற்று. புரோகிதனில்லாத சுயமரியாதைக் கலியாணம் செல்லுபடியாகும் என்று 1967-ல் சென்னைச் சட்டசபை சட்டமும் செய்தாயிற்று. இன்னும் யாருக்குப் பயந்து பொம்மக்காளுக்கு வேறு தகப்பனைத் தேடுவது?

அந்தக் கோயிலில் வைத்த செருப்பு அடுத்த வருஷம் தேய்ந்து கிடக்கின்றதென்றும், பட்டன் இராத்திரியில் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுகிறான் என்றும் பக்தர்கள் அதிசயப்படுகின்றார்கள். மலைக்காட்டு மழையும் பனியும் வெயிலும் பட்ட தோல் தேயாமல் வேறு என்ன செய்யும்? தேய்ந்த செருப்பில் அதிசயம் ஒன்றுமில்லை. அதிசயம் அந்தச் செருப்பைத் தைத்த கையில் இருக்கின்றது. நூலைப் பிடித்துப் பழகிய கை ஊசியைப் பிடித்ததே, அது அதிசயம். அந்த ஒரு நிஜ அதிசயத்தை மூடிவிட்டு, பொய் அதிசயங்கள் இரண்டைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தியிருக்கின்றார்கள்.

ஆதலால் நாம் சொல்லுவது இவ்வளவுதான். வில்லுப் பாட்டுக்காரத் தோழர்கள் இனி இந்தக் கதையைப் பாடும்போது, வாலப்பகடையும் அவன் மனைவியும் பெற்ற பெண்கள் என்று துணிந்து பாட வேண்டும். பள்ளி உபாத்தியாயர்களும் கல்லூரி ஆசிரியர்களும் கதையை ஒட்டில்லாமல் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். புது நாவல் எழுத விரும்பும் வாலிபர்கள், அக்காள் தங்கையரை வைத்து எழுதட்டும், மாயமந்திரம் வைத்தும் எழுதட்டும். ஆனால் கூலிக்காரன் மகளை ராஜகுமாரி ஆக்காமல், கூலிக்காரன் மகளாகவே வைத்து ஜெயிக்க வைக்க முடிகின்றதா என்று பார்க்கட்டும். ஆடி அமாவாசைக்குப் போகின்ற நம் ஊர்க்காரர்கள், செருப்பை அங்கே வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்து, செருப்புத் தைப்பவர் வீட்டில் பெண் எடுப்போமா, கொடுப்போமா என்று தங்கள் மனதைத் தாங்களே கேட்டுப் பார்க்கட்டும். சாமிக்கு வைத்த செருப்பைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுகின்றவர்கள், அதைத் தைத்தவனைத் திண்ணையில் உட்கார வைக்கக் கூசுவார்களானால், அவர்கள் கும்பிடுவது முத்துப்பட்டனை அல்ல, அவன் கழற்றி எறிந்த பூணூலைத்தான் என்று சொல்லி இதை முடிக்கின்றோம்.